பின்கண்ணாடி

சாக்பீஸால் வரைந்த கட்டிலில் அவர் படுத்திருந்தார்.

கட்டில் இன்னும் வரவில்லை. பஸ்ஸின் கடைசி நீளச் சீட்டைக் கழற்றிய இடத்தில் ஆறடிக்கு நாலடி கோடு மட்டும்தான். தலைமாட்டில் இன்னொரு கட்டம். அது பீரோ.

பீரோ வந்தால் பின்கண்ணாடி போகும். தகரம் அடித்து மூடிவிடலாம் என்று பாடி கட்டும் நாச்சிமுத்து சொல்லியிருந்தான். வெயில் வராது, தூசி வராது. அவரும் சரி என்றிருந்தார். முப்பத்தோரு வருடம் இதே பஸ்ஸை, முன்கண்ணாடி வழியாகவே உலகத்தைப் பார்த்து ஓட்டியவர். பின்கண்ணாடி இருந்தால் என்ன, போனால் என்ன.

"பின் ஆக்ஸிலுக்குப் பொறவு இருக்கற எடமுங்க, தூக்கித் தூக்கிப் போடும். கரூர் பட்டறை வரைக்கும் நான் ஓட்டறேன், நீங்க படுத்துட்டே வாங்க. கட்டிலை நெடுக்கப் போடறதா குறுக்கப் போடறதான்னு உங்க முதுகே சொல்லிரும்."

சொல்லிவிட்டு நாச்சிமுத்து ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தான். அவருடைய சீட்டில் இன்னொருவன். கொஞ்சம் வலித்தது.

அதைவிட வலித்தது வேறு.

ரிட்டயர் ஆனதும் இந்தப் பஸ்ஸை விலைக்கு வாங்கி வீடாக்குவதே மனைவி மயிலாத்தாளுக்காகத்தான். கன்னியாகுமரியில் தொடங்கி, எங்கே தோன்றுகிறதோ அங்கெல்லாம். மூன்று முறை கேட்டுவிட்டார். வருகிறேன் என்று அவள் இன்னும் சொல்லவில்லை. இன்று காலையிலும், அளவு பார்க்கவாவது வா என்று கூப்பிட்டார்.

"நான் எதுக்குங்க? நீங்க போயிட்டு வாங்க."

முப்பத்தோரு வருடமாக அதே போயிட்டு வாங்க.

வீட்டு வாசலிலிருந்துதான் முதல் டிரிப் கிளம்பும். வண்டியை நகர்த்தும்போது பக்கக் கண்ணாடியில் ஒரு தடவை பார்ப்பார். கேட் சாத்தியிருக்கும். யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு நிமிடம் நின்று பார்த்தால் அடுப்பில் என்ன தீய்ந்துவிடும் என்று முதல் சில வருடங்கள் மனசு சுருங்கியது. அப்புறம் பழகிவிட்டது. அவள் சுபாவம் அப்படி.

பஸ் கிளம்பியது.

முதல் குழியிலேயே தூக்கிப் போட்டது. எழுந்து உட்கார்ந்து ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பார்வை தானாகப் பின்கண்ணாடிக்குப் போனது.

கேட் திறந்தது.

மயிலாத்தாள் வெளியே வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். வாசலில் நிற்கவில்லை. சாலையோரத்திலும் நிற்கவில்லை. நடுச்சாலைக்கு வந்து நின்றாள்.

பஸ்ஸுக்கு நேர் பின்னால்.

எந்தப் பக்கக் கண்ணாடியும் காட்டாத இடம் அது. டிரைவர்களுக்குத் தெரியும்.

அவள் அந்த இடத்தைத் தேடவில்லை. கால் தானாக அங்கே போய் நின்றது. பால்காரர் டிவிஎஸ்ஸில் வந்தார். ஹாரன் அடிக்கவில்லை. வேகத்தைக் குறைக்கவுமில்லை. கம்பத்தைச் சுற்றிப் போவதுபோல அவளைச் சுற்றிப் போனார்.

ரேஷன் கடை தாண்டியது. நின்றாள்.

வாய்க்கால் பாலம் தாண்டியது. நின்றாள். வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். கையசைக்கவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அசைப்பாள்?

இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை.

மழைநாளிலும் நின்றிருப்பாள். பிள்ளை வயிற்றிலிருந்தபோதும் நின்றிருப்பாள். அவர் சண்டை போட்டுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிய காலைகளிலும்.

எத்தனை கண்டக்டர்கள் மாறினார்கள். பின்படியில் தொங்கிக்கொண்டு எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஒருவர்கூடச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பெரிய கோபுரங்களின் கீழே அண்ணாந்து நின்றிருக்கிறார். இவ்வளவு மலைப்பு வந்ததில்லை. இத்தனை காலம் தனக்குப் பின்னால் இப்படி ஒன்று நின்றுகொண்டிருந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமலே ஒரு மனுசனால் ரிட்டயர் ஆகிவிட முடிகிறது.

"எப்படிங்க, தூக்கிப் போடுதுங்களா?" முன்னாலிருந்து நாச்சிமுத்து கத்தினான்.

தூக்கிப் போட்டதா? அவர் கவனிக்கவில்லை.

குனிந்து பீரோவின் கோட்டை உள்ளங்கையால் அழித்தார். நாலு பக்கமும் அழித்தார். கையெல்லாம் வெள்ளை.

நிமிர்ந்தபோது புளியமர வளைவு வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டே திருப்பக்கூடிய வளைவு. திரும்பினால் வீடு மறையும். அவளும் மறைவாள். தினமும் அவர்தான் திருப்பியிருக்கிறார்.

இரண்டு விரலை வாயில் வைத்தார்.

ஒரு விசில்.

ஒரு விசிலுக்கு வண்டி நின்றாக வேண்டும். முப்பத்தோரு வருடம் அவர் கேட்டு நிறுத்திய சத்தம். அடிப்பது இதுதான் முதல் தடவை. நாச்சிமுத்து பதறி பிரேக்கை மிதித்தான்.

"என்னாச்சுங்க?"

"ஆள் ஏறணும்."

பஸ் நின்றது. தூசி அடங்கியது.

தூரத்தில் அவள் அசையவில்லை. இந்த இடத்தில் பஸ் நின்று அவள் பார்த்ததே இல்லை. நெற்றியிலிருந்த கை மெல்ல இறங்கியது.

அவர் பின்கண்ணாடியில் வெள்ளைக் கையை வைத்து அசைத்தார். அவ்வளவு தூரத்துக்குத் தெரியுமோ என்னவோ. அசைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். கேட் திறந்தே கிடந்தது.

பிறகு பஸ்ஸைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.