அக்கா கேட்ட மேசை

"கதவைக் கழட்டியாச்சு, நிலையையும் சுரண்டியாச்சு. இன்னும் அரை அடி இடிக்குது சார். ஒண்ணு மேசையை அறுக்கணும், இல்ல வீட்டை இடிக்கணும். உங்களுக்கு எது வசதி?" என்றார் மேசையை ஏற்றிப்போக வந்த வேன்காரர்.

ஞாயிற்றுக்கிழமைத் தச்சனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆறு நாள் அவன் அலுவலகக் குமாஸ்தா. ஏழாம் நாள் கையில் உளி. அந்தப் பெயர் தெருக்காரர்கள் வைத்தது.

மூன்று மாதம் பின்னறையே கதியென்று கிடந்து, பழைய கதவுப் பலகைகளை இழைத்துச் செய்த மேசை. அக்காவின் கடையில் நின்றபடியே பரிசுப் பொட்டலம் கட்டுவதற்கு. கீழே தட்டு, நடுவே நாலு இழுப்பறை. மூன்றடி உயரம், மூன்றடி அகலம், ஆறடி நீளம். அக்கா போனில் சொன்ன அளவு. அடுத்து அதற்குத் தோதாக ஒரு ஸ்டூலும் கேட்டிருந்தாள்.

ஒரு ஆணி கிடையாது, ஒரு திருகு கிடையாது. எல்லாம் பொருத்திப் பசை போட்டு இறுக்கியது. அதைச் சொல்லிச் சொல்லியே பெருமையடித்திருந்தான். இப்போது கழற்ற வழியில்லை. பலகையை நூல் பிசகாமல் அளந்தவன், கதவை அளக்கவில்லை.

"படுக்க வெச்சுப் பாருங்களேன்."

"படுக்க வெச்சாலும் மூணடி, நிமித்தி வெச்சாலும் மூணடி. கதவு ரெண்டரை. நான் என்ன சார், மந்திரமா போட முடியும்?"

கூடத்தில் மனைவி தரையில் குனிந்து, பை தைக்கப் பழைய ஜீன்ஸ் துணிகளை வெட்டிக்கொண்டிருந்தாள். நெட்டை உடம்பு. நிமிரும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று அவள்மேல் பாய்ந்தான்.

"தச்சு வேலையைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்?"

"அக்கா கிழிச்சுத் தொங்க விட்டுடுவா. போன வருஷம் செஞ்சு குடுத்த செருப்பு அலமாரி, நாலு ஜோடி வெச்சதும் உக்காந்துடுச்சு. இதுலயாவது பேர் வாங்கலாம்னு பாத்தேன்."

வேன்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவன் ரம்பத்தை எடுத்தான்.

"காலை முக்கால் அடி அறுத்துடறேன். அக்கா குள்ளம்தானே, மூணடி எதுக்குக் கேட்டாளோ!"

"கை வைக்காதீங்க!"

கல்யாணமான எட்டு வருடத்தில் அவள் இவ்வளவு வேகமாக ஓடி வந்து அவன் பார்த்ததில்லை. ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒரு நூல்கூட ஆடாம நிக்குது. இதைப் போய் யாராவது அறுப்பாங்களா? முதல்ல அண்ணிக்குப் போன் போடுங்க."

திட்டு வாங்கத் தயாராகத்தான் போட்டான்.

"அக்கா... மேசை வெளிய வர மாட்டேங்குது. கதவைவிடப் பெருசா செஞ்சுட்டேன்."

மறுமுனையில் அக்கா வெடித்துச் சிரித்தாள்.

"நல்லதாப் போச்சு, அங்கயே இருக்கட்டும். எனக்கு எதுக்குடா மேசை? கேக்கறவங்களுக்கெல்லாம் செஞ்சு குடுப்ப, பொண்டாட்டி கேட்டா மட்டும் 'அடுத்தது உனக்குத்தான்'னு மூணு வருஷமா இழுத்தடிப்ப. அதான் அவ என் பேர்ல ஆர்டர் குடுத்தா. அளவெல்லாம் அவ சொன்னதுதான். கதவை டேப் வெச்சு அளந்துட்டுத்தான் சொன்னா!"

திரும்பிப் பார்த்தான். பின்னறையில் மேசைமேல் ஜீன்ஸ் துணி விரிந்து கிடந்தது. இடுப்பைப் பிடிக்காமல், நிமிர்ந்து நின்று வெட்டிக்கொண்டிருந்தாள் மனைவி. மேசை சரியாக அவள் இடுப்பு உயரம்.

"ஏங்க," என்றாள், கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணி ஒரு ஸ்டூலும் கேட்டாங்களே, எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?"