ஓர் எழுத்துத் திருத்தம்

மருத்துவமனைச் சொட்டுமருந்து இயந்திரங்களின் திரையில் வரும் ஆங்கில வாசகங்களைத் திருத்துபவள் அவள். ‘அலாரம்’ என்ற சொல்லுக்கு முன் ‘a’ இருந்த இடத்தில் ‘an’ போட்டிருக்கிறாள். “டெஸ்டிங்குக்கு அனுப்பட்டுமாண்ணா?” “ஒரு எழுத்துக்கா? கொசு அடிக்கப் பீரங்கி கேக்காதம்மா. நேரா ஏத்து,” என்கிறார் குழுத்தலைவர். ஏற்றுகிறாள். திருத்தம் எல்லா வார்டு இயந்திரங்களுக்கும் போய்விடுகிறது. அப்பா படுத்திருக்கும் வார்டுக்கும். மேசைமேல் இருக்கும் மாதிரி இயந்திரத்தின் குழாயில் மாலை வெயில் மஞ்சளாய்த் தேங்கி நிற்கிறது. மனசு கேட்காமல் அந்தக் குழாயை விரலால் அழுத்தி அடைக்கிறாள். எச்சரிக்கை வாசகம் பிழையில்லாமல் மின்னுகிறது. எப்போதும் கூடவே அலறும் மணி வாயைத் திறக்கவில்லை. குழுத்தலைவரின் கையில் டீக்கோப்பை அப்படியே நிற்கிறது. அவள் கைபேசியைக் காதில் வைக்கிறாள். அப்பாவின் கட்டிலருகே இருக்கும் அம்மா குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். “நல்லா தூங்குறார்டி. அந்த மெஷின்கூட இப்பதான் கத்துறதை நிறுத்துச்சு.”