காந்த அறை வாசலில்

"நில்லுங்க சார்!"

டெக்னீஷியன் பூங்கோதை பாய்ந்து வந்து எம்.ஆர்.ஐ. அறையின் கதவை மறித்தாள். அவள் கையிலிருந்த மெட்டல் டிடெக்டர், ஆய்வு மைய இயக்குநர் அறவாழியின் இடுப்பருகே அலறியது. உள்ளே, இரும்பைக் கண்டால் இழுத்து ஒட்டிக்கொள்ளும் ராட்சதக் காந்தம். அவருக்குப் பின்னால் நாற்பது விருந்தினர்கள். புது மெஷினில் முதலில் தன் மூளையைத்தான் படம் எடுக்கப்போகிறார்கள் என்று சற்றுமுன் மேடையில் அறிவித்திருந்தார்.

சாவி, பேனா, வாட்ச், கடைசியில் பெல்ட்டையும் கழற்றிக் கொடுத்தார். மறுபடியும் அலறல்.

"அஞ்சு நிமிஷம் காந்தத்தை ஆஃப் பண்ணும்மா."

"அது என்ன ஃபேனா சார், நெனச்சப்ப நிறுத்த? எப்பவும் ஆன்லதான் இருக்கும். இடுப்புல என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப செக்யூரிட்டியைக் கூப்பிடறேன்."

அவர் பட்டு வேட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அவள் காதருகே குனிந்தார்.

"கத்தாதம்மா. எனக்கு வேட்டி கட்டத் தெரியாது. பெல்ட்டையும் நீ வாங்கிட்ட. இப்ப என் மானத்தைக் காப்பாத்திட்டிருக்கிறது உள்ள குத்தியிருக்கிற பதினோரு ஊக்குதான்."