இந்த விளம்பரத்தை ஏன் நீக்குகிறீர்கள்?

அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அவன் டிராக்டர் தேடினான்.

அவள் போனில்.

நாற்பத்தைந்து எச்.பி., பவர் ஸ்டீயரிங், எளிய தவணை. அப்புறம் போர்வெல் மோட்டார். அப்புறம் களை எடுக்கும் இயந்திரம். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றதும் போனை எடுத்த இடத்திலேயே, எடுத்த சாய்விலேயே வைத்தான்.

அவர்கள் இருவருக்கும் இருந்த மொத்த விளைநிலம், மாடிப்படியோரம் ஒரு கற்றாழைத் தொட்டி.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு இணைய விளம்பரம் செய்வது அவன் வேலை. யாராவது ஒரு பனியனைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனால், அந்தப் பனியன் அவர் பின்னாலேயே போகும். செய்தி படித்தால் நடுவில் வரும். சமையல் பார்த்தால் ஓரத்தில் வந்து நிற்கும். தாங்க முடியாமல் வாங்கிய ஒருவர், "இனிமே வுட்ருங்க சாமி" என்று எழுதி ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருந்தார்.

துரத்துவது எப்படி என்று அவனுக்குத் தெரியும்.

நிறுத்துவது எப்படி என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவள் ஒன்றும் வாங்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

பிள்ளை பிறக்கும் முன்னால் ஒரு துண்டுத் துணிகூட வாங்கி வைக்கக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் பேச்சு. அதனால் எட்டாம் மாதம் முழுக்கப் போனிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். காதை மூடும் குல்லா. கிலுகிலுப்பை. எல்லாவற்றுக்கும் மேலாக, குடை மாதிரி விரிகிற ஒரு மஞ்சள் கொசுவலை மெத்தை. அதைத் திறந்து, பெரிதாக்கி, தையலைக்கூடப் பார்ப்பாள். பிறகு மூடிவிடுவாள்.

ஆடியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிள்ளை பிறந்தது. அழவில்லை.

இருவராகவே வீடு திரும்பினார்கள்.

பார்க்க வந்த அத்தை, வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லவேளை, ஒண்ணும் வாங்கி வெக்கல."

வாஸ்தவம். எடுத்து ஒளித்து வைக்க வீட்டில் எதுவுமே இல்லை.

போனில் மட்டும் அந்த மஞ்சள் மெத்தை தினமும் வந்தது.

ஒருநாள் அவன் அதன் மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டான். இந்த விளம்பரத்தை ஏன் நீக்குகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டது. ஏற்கெனவே வாங்கிவிட்டேன். விருப்பமில்லை. அடிக்கடி வருகிறது.

இன்னொன்று இருக்கும் என்று கீழே தள்ளிப் பார்த்தான்.

இல்லை.

மறுநாள் காலையில்தான் டிராக்டரைப் பிடித்தான்.

நன்றாகவே வேலை செய்தது. குல்லா போய் மருந்து தெளிப்பான் வந்தது. கிலுகிலுப்பை போய் சொட்டுநீர்க் குழாய் வந்தது. விடிந்ததும் 'வணக்கம் விவசாயப் பெருமக்களே' என்று மழை நிலவரம் சொன்னது. அவள் பெயருக்குக் கறவை மாட்டுக் கடன், கேட்காமலே அனுமதியாகியிருந்தது. மாடு என்ன நிறம் வேண்டும் என்பது ஒன்றுதான் பாக்கி.

மெத்தை போய்விட்டது.

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை டிராக்டரே வந்தது.

அவசரத்தில் 'நேரில் காட்டவும்' என்ற பொத்தானை அவன் எப்போதோ அழுத்தியிருக்கிறான். ஷோரூம்காரர் நாச்சிமுத்து தானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய சந்து அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டது. மூன்றாம் வீட்டுக்காரர் தன் சுவரைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டதாகவும் பேச்சு.

"அம்மணி பேர்லதானுங்க பதிவாயிருக்குது. தோட்டம் எந்தப் பக்கமுங்க?"

அவன் மாடிப்படியைப் பார்த்தான். நாச்சிமுத்தும் பார்த்தார். கற்றாழைத் தொட்டியை அளவெடுப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தன சின்னதா இருந்தாலும் பரவால்லீங்க. தவணை இருக்குது."

சந்தே சிரித்தது. யாரோ டயருக்கு எலுமிச்சம்பழம்கூட வைத்துவிட்டார்கள்.

அவளும் சிரிப்பாள் என்று அவன் திரும்பினான்.

அவள் மேல்படியில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கலப்பை. உரம். கோழித்தீவனம். நின்று, மறுபடி முதலிலிருந்து தள்ளினாள்.

"அது எங்கீங்க?"

"எது?"

"மஞ்சளு."

அவன் கீழே டிராக்டரைப் பார்த்தான். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கொழந்தையோடதுன்னு இந்த வூட்டுல அது ஒண்ணுதானுங்க இருந்துச்சு."

கீழே நாச்சிமுத்து வண்டியைத் திருப்ப வழி தேடிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு சாண். பின்னால் ஒரு சாண்.

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். போனை வாங்கினான். மஞ்சள் கொசுவலை மெத்தை என்று அடித்தான். கடை திறந்தது. திறந்ததும் ஒரு கேள்வி கேட்டது.

உங்கள் குழந்தையின் வயதைத் தேர்ந்தெடுக்கவும்.

0–3 மாதம்.

3–6 மாதம்.

6–12 மாதம்.

அவன் விரல் முதல் கட்டத்துக்குப் போனது.

அவள் அந்த விரலைப் பிடித்து, அடுத்த கட்டத்தில் வைத்தாள்.