கல்மரத்து மழை

கல்மரப் பூங்காவின் காவலாளி அஞ்சலாட்சி, அங்கே மிச்சமிருந்த, கல்லாய் இறுகிப்போன ஒரே மரத்திலிருந்து தினமும் ஒரு சில்லைப் பெயர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு வருவாள். அதை வீட்டிலிருந்த ஒலிக்கருவியில் வைத்தால், கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த மரம் நனைந்த மழை வீடெங்கும் கேட்கும். மழையையே கண்டிராத மகள் மகிழினிக்கு அதைக் கேட்டால்தான் தூக்கம் வரும். கேட்டு முடிந்ததும் சில்லு மாவாக உதிர்ந்துவிடும். விடிந்ததும் அஞ்சலாட்சி அதிலேயே வாசலில் கோலம் போடுவாள்.

பள்ளிச் சுற்றுலாவில் மகிழினியின் வகுப்பு பூங்காவுக்கு வந்தபோது, வேலிக்குள் மரம் கிடந்த இடத்தில் வெறும் பள்ளம்தான் இருந்தது.

“யாரோ களவாடிட்டாங்க பிள்ளைங்களா,” என்றார் ஆசிரியை.

“எங்கம்மா காவல் இருக்கறப்ப எப்படி மிஸ் திருட முடியும்?” என்று மகிழினி சண்டைக்கே போய்விட்டாள்.

வேலியோரம் காவல் நின்ற அஞ்சலாட்சி கண்ணைத் தாழ்த்தினாள். மகளின் செருப்பில், காலையில் மிதித்த கோலமாவு ஒட்டியிருந்தது.