ஒற்றைச் செருப்பு

“அப்பா பேரு என்னன்னு கேட்டா?”

“எந்த அப்பா?”

முன்சீட்டில் இருந்த சுகந்தி சட்டென்று திரும்பினாள். பின்சீட்டில் மகள் மிதுனா காலை ஆட்டியபடி பதிலுக்குக் காத்திருந்தாள். யு.கே.ஜி. படிக்கிறவளுக்கு அது நியாயமான சந்தேகம்தான்.

வண்டி ஓட்டியவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

“இன்னைக்கு நந்தகோபால் அப்பா மட்டும்,” என்றான். “சத்தமாச் சொல்லோணும். மைக்க வாய்க்குள்ள வெச்சுக்கக் கூடாது.”

“அப்ப நீங்க?”

“நான் டிரைவர்.”

மிதுனா சிரித்தாள். சுகந்தி சிரிக்கவில்லை.

பொள்ளாச்சியைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு மண்டபம். நந்தகோபாலின் பங்காளிகள் எல்லாரும் கூடும் நாள். ஒவ்வொரு குடும்பமாக மேடையேற வேண்டும். பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அந்த வீட்டில் பேசத் தெரிந்த ஆகச் சின்னக் குழந்தைதான் மைக்கைப் பிடித்து, அப்பா இன்னார், அம்மா இன்னார் என்று சபைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வழக்கம் அப்படி.

நந்தகோபால் இறந்துபோனபோது சின்னவன் அகிலன் கைக்குழந்தை. பிறகு சுகந்தியை இவன் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்கு நந்தகோபால் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. சண்டையும் போடவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் போன் வந்தது. நந்தகோபாலின் அப்பா. குழந்தைகளுக்கு அப்பாரு.

“கொழந்தைகளக் கூட்டிட்டு வா அம்மிணி.”

அந்த ஒரு வரியில் தனக்கும் இடம் இருக்கிறதா என்று வாரம் முழுக்க இவன் தேடினான்.

இல்லை.

அதனால், வாசலில் இறக்கிவிட்டுவிட்டு எங்காவது டீ குடித்துக்கொண்டிருப்பது என்று முடிவு செய்திருந்தான்.

சின்னவன் கெடுத்தான். காரிலிருந்து தூக்கும்போது, தூக்கத்திலேயே அவன் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சுகந்தி விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். குழந்தையின் உதடு பிதுங்கியது. விட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மிதுனாவின் செருப்பு வார் அறுந்தது.

“குடு சாமி, நான் பாக்கறேன்,” என்றான்.

சுகந்தி சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். இன்னொரு செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று மிதுனா ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடினாள்.

தோளில் ஒரு தூக்கம். கையில் ஓர் இளஞ்சிவப்புச் செருப்பு.

மண்டபத்தின் கடைசியில், கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். காலி நாற்காலிகளைத் தள்ளிக் குழந்தைகள் ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பிடிக்க வந்தவர் சிநேகமாகக் கேட்டார்.

“நீங்க யாரு வீட்டுங்க?”

“கொழந்த தூங்குதுங்க,” என்றான்.

மேடையில் ஒரு பொடியன் மைக்கைக் கவ்விக்கொண்டிருந்தான். “எங்கப்பா பேரு… ஏனுங்க!”

“அது பேரில்லடா.”

“எங்கம்மா அப்படித்தான் கூப்பிடுது!”

மண்டபம் குலுங்கியது. அந்த ‘ஏனுங்க’ வெட்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைக்கைத் திரும்ப வாங்கிய நந்தகோபாலின் அண்ணன் சிவராஜும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

“அடுத்து, நம்ம நந்து குடும்பம்.”

கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது.

மிதுனாவை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தினார்கள். ஒரு காலில் செருப்பு. ஒரு கால் வெறும் கால்.

“என் பேரு மிதுனா. எங்கம்மா சுகந்தி. தம்பி அகிலன், தூங்கறான்.” மூச்சு வாங்கினாள். “எங்கப்பா பேரு நந்தகோபால்.”

சத்தமாகத்தான் சொன்னாள். மைக் வாய்க்குள் போகவில்லை.

நாற்காலி ரயில் நின்றது. எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

சரியாகச் சொல்லிவிட்டாள். அவனுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிகூட வலிக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

சிவராஜ் மைக்குக்காகக் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

“அந்த அப்பா போட்டோல இருக்காரு. இன்னொரு அப்பா அங்க இருக்காரு.” விரல் நீண்டது. “இன்னைக்கு மட்டும் டிரைவரு. என் செருப்பு அவருகிட்டதான் இருக்குது.”

மண்டபம் முழுக்கத் திரும்பியது.

அவன் செருப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஏன் மறைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

முதல் வரிசையில் ஒருவர் எழுந்தார். அப்பாரு.

நடுவழியில் மெதுவாக நடந்து வந்தார். இருபுறமும் கால்கள் ஒதுங்கின. மேடையில் சுகந்தி சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றாள். டீக்கடைக்கே போயிருக்கலாம் என்று அவன் நினைத்தான். வாசலைப் பார்த்தான். வாசல் வெகு தூரத்தில் இருந்தது.

பெரியவர் அருகில் வந்து நின்றார். அவனைப் பார்க்கவில்லை. தோளில் சாய்ந்திருந்த முகத்தைப் பார்த்தார். மகனின் நெற்றி. மகனின் காது. பிறகு காலரைப் பிடித்திருந்த குட்டி விரல்களைப் பார்த்தார். அங்கிருந்து கண்ணை எடுக்க அவருக்கு நேரமானது.

பேரன்தானே. சும்மா கையை நீட்டித் தூக்கிக்கொள்ளலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

கொடுப்பதற்கு வசதியாக அவன் தோளைத் தாழ்த்தினான்.

பெரியவரின் கை பாதி தூரம் வந்தது. நின்றது.

பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கட்டுங்களா?”