தானா வளரும்

சீப்பை எடுத்தாலே கயல்விழிக்குக் கொத்துக் கொத்தாக முடி வந்தது. பார்க்கப் பார்க்கக் கணவன் பழமலைநாதன் பதறினான். அவளோ துளியும் பதறவில்லை. அவன்தான் வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்து வந்தான்.

"ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னாடி பெரிய காய்ச்சல், அதிர்ச்சி ஏதாவது வந்துச்சா?" என்றார் டாக்டர்.

"பீங்கான் சூளையில எனக்குத் தீப்பட்டு, பொழைப்பனான்னு கெடந்தேங்க. நாளைக்குத்தான் மறுபடி வேலைக்குப் போறேன்" என்றான் பழமலைநாதன்.

"அந்த அதிர்ச்சிதான் காரணம். முடி உடனே கொட்டாது, கொஞ்ச மாசம் கழிச்சுதான் கொட்டும். வேரெல்லாம் நல்லா இருக்குது. சத்தா சாப்பிடட்டும், தானா வளந்துடும்."

பழமலைநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கயல்விழியின் முகம் வெளுத்தது.

வெளியே வந்ததும் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பொழச்சு வந்தா மொட்டை போடுறேன்னு கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கிட்டேங்க. அப்புறம் மனசு வரல. முடி கொட்டவும், சாமியே எடுத்துக்கிட்டாருன்னு நிம்மதியா இருந்தேன்."

"அதான் வளந்துடும்னு சொல்லிட்டாரே?"

"அப்ப சாமி எடுக்கலைங்க." அவள் அவன் கையை இழுத்தாள். "வாங்க, இப்பவே கோயிலுக்குப் போயிடலாம். நான் மொட்டை போடாம நீங்க சூளைப் பக்கம் போவக் கூடாது."